கடிவாளம் பிடித்த கை

நாம் முதன்முதலாகக் குதிரையேறியபோது நமக்கு அகவை நாற்பத்திரண்டு. தில்லியில் நடுவணரசு அலுவலகம் ஒன்றில் கோப்புகளைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாகக் காலங்கழித்துக்கொண்டிருந்த ஒரு பிரிவு அலுவலருக்கு அந்த வயதில் இப்படியொரு வேட்கை எங்கிருந்து வந்தது என்று ஆர்.கே. புரத்துத் தமிழன்பர்கள் வியந்தார்கள். சிலர் வாய்விட்டு நகைத்தார்கள். நகைத்தவர்கள்மீது குற்றமில்லை. மூக்குக்கண்ணாடியும் சிறுதொந்தியும் உடைய ஒருவர், மார்கழிக் குளிரில், பொழுது புலருமுன்னே, முழங்கால்வரை உயர்ந்த காலணிகளை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருப்பது சிரிப்பிற்குரிய காட்சியேயாகும்.

வேட்கைக்கு வேர் இல்லாமலில்லை. நாம் பிறந்தது செஞ்சிக் கோட்டையைக் கண்ணால் காணத்தக்க தொலைவிலுள்ள ஒரு சிற்றூர். அவ்வட்டாரத்துப் பிள்ளைகள் தாலாட்டுக்கு அடுத்தபடியாகக் கேட்டு வளர்வது தேசிங்குராசன் கதைப்பாடல். தில்லிப் பாதுஷாவிடம் ஒரு குதிரை இருந்ததாம், ஏறியவர்களையெல்லாம் தூக்கியெறிந்ததாம், ஏற முயன்று தோற்ற தந்தையைச் சிறைமீட்க மகன் தேசிங்கு செஞ்சியிலிருந்து தில்லிக்குச் சென்றானாம், பாராசாரி என்னும் அந்தப் புரவியை அடக்கி, அதையே பரிசாகப் பெற்று மீண்டானாம். வரலாற்றில் வரும் தேஜ்சிங் 1714இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது இளமையிலேயே மாண்டவன். குதிரைக் கதையோ வரலாறன்று, மக்கள் பாடிய பாட்டு. ஆயினும் 1978இல் வேலைக்கான ஆணையோடு நாம் தில்லிக்குப் புறப்பட்டபோது, திண்டிவனம் ரயில் நிலையத்தில் கட்டுச்சோற்று மூட்டையை நீட்டிய நம் அன்னை, "தேசிங்கு போன ஊருக்குப் போறே, பத்திரமா இரு" என்றே சொல்லி அனுப்பினார்.

அந்த ஊரில் நமக்கு வாய்த்தது குதிரையன்று, தட்டச்சுப்பொறி. நான்காண்டுகள் கழித்து, 1982இல், ஆசிய விளையாட்டுப் போட்டிகள் தில்லியில் நடந்தன. குதிரையேற்றம் முதன்முறையாக அவ்வாண்டுதான் அப்போட்டிகளில் இடம்பெற்றது. நம் நாட்டுக்கு அதில் மூன்று பொற்பதக்கங்கள். ரகுபீர் சிங் என்னும் வீரர் தனியர் பிரிவிலும் குழுவிலும் வென்றார். செய்தித்தாளில் வந்த படத்தை வெட்டி எடுத்து நெடுநாள் வைத்திருந்தோம். அதற்கப்பால் பதினைந்தாண்டுகள் ஒன்றும் நிகழவில்லை. குடும்பம், குடியிருப்பு, கூப்பன் கடை வரிசை என்று வாழ்க்கை நடந்தது.

1997இல் நம் மகள், அப்போது பன்னிரண்டு வயதினள், பள்ளித் தோழியைப் பின்பற்றிக் குதிரையேற்றம் பழகச் சென்றாள். நாள்தோறும் விடியற்காலையில் அவளை அழைத்துச் சென்று பயிற்சிக் களத்தின் ஓரத்துப் பெஞ்சில் காத்திருந்தோம். ஒரு மாதம் சென்றபின், அங்கே பயிற்சியளித்த முதியவர் நம்மிடம் வந்து, "பாபுஜி, இந்தப் பெஞ்சின்மேல் உட்கார்ந்து நடுங்குவதைக் குதிரையின்மேல் உட்கார்ந்தே நடுங்கலாமே" என்றார். அவர் குதிரைப் படையில் தபேதாராக இருந்து ஓய்வு பெற்ற இராசத்தானத்துக்காரர். களத்தில் அனைவரும் அவரை உஸ்தாத் என்றே அழைப்பார்கள். அவருக்கு வேறு பெயருண்டு என்பதே பலருக்கு நினைவிலிராது. இளமையில் ஒருமுறை விழுந்து முதுகெலும்பில் அடிபட்டதால் அவர் ஏறுவதை நிறுத்திப் பல ஆண்டுகளாகியிருந்தன. நின்ற இடத்தில் நின்றே கற்பிப்பார்.

இரண்டாண்டுகள் பகதூர் என்னும் கிழக்குதிரையின்மேல் நம் கல்வி நடந்தது. பகதூரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அஃது ஒரு நல்ல அரசு ஊழியர். குறித்த நேரத்துக்கு வரும், குறித்த வழியே நடக்கும், குறித்த நேரத்துக்கு லாயத்தின் பக்கம் திரும்பும். அதன்மேல் அமர்ந்து கொண்டு நாம் குதிரையேற்றம் கற்றுவிட்டோம் என எண்ணியிருந்தோம்.

1999ஆம் ஆண்டு மழைக்காலம் முடிந்தபின் ரேஷ்மா வந்தது. பந்தயத் திடலிலிருந்து கழிக்கப்பட்ட ஏழு வயதுப் பெட்டைக்குதிரை, கரும்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. அது நின்ற நிலையே வேறாக இருந்தது. காதுகள் ஒரு நொடியும் ஓய்ந்திருக்கவில்லை. கழுத்து வானை நோக்கி நிமிர்ந்திருந்தது. நடக்கும்போது முதுகு குழிந்து, அடிகள் சிறுத்து, சுடுமணலில் கால் வைப்பதுபோலத் தத்தித் தத்திச் சென்றது. கடிவாள இரும்பை நறநறவென்று கடித்தது. வாலை இறுக்கிக்கொண்டது. விலாவைப் பார்த்தால் மூச்சு ஓடுகிறதா என்றே ஐயமாயிருக்கும்.

உண்மையைச் சொல்வதானால், அந்தத் தோற்றம் முதல்நாள் நமக்குப் பேரழகாகவே பட்டது. நம் ஊர் எல்லையில் அய்யனாரின் மண்குதிரைகள் நிற்பதைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். அவற்றுக்கு விழி பிதுங்கியிருக்கும், பற்கள் தெரியும், கழுத்து வில்லாய் நிமிர்ந்திருக்கும். திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத்துக் கற்குதிரைகளோ முன்னங்கால்களை வானில் தூக்கி நிற்பன. குதிரை பெருகப் பிறக்காத நாட்டில், கடல் கடந்து வந்த குதிரைகளைக் கண்டு வியந்த தச்சர்களும் குயவர்களும் படைத்த வடிவங்கள் அவை. நிமிர்ந்த கழுத்தே வீரம், பிதுங்கிய விழியே பெருமிதம் என்று அவற்றிலிருந்து கற்ற கண்கொண்டு ரேஷ்மாவைப் பார்த்தோம். உஸ்தாத் தலையை அசைத்தார். "பாபுஜி, அது செருக்கன்று. அச்சம். இந்தப் பெண் தூங்கியே பல நாளாகியிருக்கும்."

மகளுக்கு அதன்மேல் பெருவிருப்பம். இரண்டு மாதம் அவளே ஏறினாள். டிசம்பரில் ஒரு காலை, வேலியோரத்து முள்மரத்திலிருந்து மயிலொன்று படபடத்துக் கீழிறங்கியது. ரேஷ்மா பக்கவாட்டில் ஒரு துள்ளுத் துள்ளி நாலுகால் பாய்ச்சலில் ஓடிற்று. மகள் கடிவாள வாரை வலிந்து இழுத்தாள். இழுக்க இழுக்க ஓட்டம் மிகுந்தது. களத்தின் மூலையில் அது திரும்பியபோது அவள் திரும்பவில்லை. இடக்கை மணிக்கட்டு முறிந்தது.

வீட்டில் நடந்தவற்றை விரித்தெழுத வேண்டுவதில்லை. பிள்ளைகளைப் பெற்றவர்கள் அறிவார்கள். களத்தை நடத்திய குழுவினர் கூடி, மார்ச்சு முடிவதற்குள் இக்குதிரை பழகாவிடில் விற்றுவிடுவது என முடிவு செய்தனர். விற்றால் அது போகுமிடம் வண்டிக்காரர் கொட்டில். எட்டாண்டு ஓடிக் களைத்த குதிரைகள் அங்கே எப்படிச் சாகின்றன என்பதைப் பழைய தில்லியின் தெருக்களில் கண்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாவுக்கட்டுப் போட்ட கையோடு மகள் நம்மிடம் வந்தாள். "அப்பா, அவளை அனுப்பிடச் சொல்லாதீங்க. தப்பு அவ மேல இல்ல. நான்தான் பிடிச்சு இழுத்தேன். நீங்க ஏறிப் பழக்குங்கப்பா."

நமக்கு அச்சம் மேலிட்டது. அதை மறைத்து என்ன பயன்? நாற்பத்துநான்கு வயதில் விழுந்தால் எலும்பு மட்டுமா முறியும்? அலுவலக விடுப்பு, மருத்துவச் செலவு, மனைவியின் கண்ணீர் எல்லாம் ஒருங்கே கண்முன் நின்றன. ஆயினும் மகளிடம் மறுத்துச் சொல்ல நாவெழவில்லை.

உஸ்தாத் உடனே ஏற விடவில்லை. வலியுள்ள குதிரையைப் பழக்குவது பாவம் என்றார். முதலில் மருத்துவரை அழைத்து வாயைத் திறந்து பார்க்கச் செய்தார். குதிரையின் பற்கள் வாழ்நாள் முழுதும் மெல்ல மெல்ல ஈற்றிலிருந்து வெளிவந்துகொண்டே இருப்பவை. ஒருபுறம் தேயாமல் நின்றால் விளிம்பு கத்திபோலாகிக் கன்னத்தை அறுக்கும். ரேஷ்மாவின் கடைவாய்ப் பற்களில் அத்தகைய கூர்கள் இருந்தன. அரம் கொண்டு அவற்றை மழுக்கினர். சேணத்தின் உள்ளடைப்பு ஒருபக்கம் கட்டியிருந்தது. அதைப் பிரித்துத் திருத்தினர். தானியத்தைக் குறைத்துப் புல்லைக் கூட்டினர். நாளெல்லாம் நடந்து மேயப் பிறந்த உயிரை நாளெல்லாம் அறையில் அடைத்து, கடலையும் பார்லியும் கொட்டினால் அது வேறெப்படி இருக்கும்? பகலில் சில மணிநேரம் திறந்தவெளியில் விட ஏற்பாடாயிற்று. (இதை ஊருக்கு எழுதியபோது, "கொள்ளு போடறாங்களா?" என்று மட்டும் அன்னை கேட்டு எழுதச் சொன்னார்.)

இவ்வளவும் செய்தபின் ரேஷ்மாவின் நிலை சிறிது தேறிற்று. ஏறியதும் பழைய கதைதான். "இனி நோய் குதிரையிடம் இல்லை" என்றார் உஸ்தாத். நம்மைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

பந்தயக் குதிரையைப் பற்றி அவர் விளக்கியதை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டோம். பந்தயத்தில் சவாரி செய்பவர் வாரை இறுகப் பிடிப்பார். குதிரை அந்தப் பிடியின்மேல் சாய்ந்து ஓடக் கற்கும். இறுக்கம் மிகுந்தால் விரைவு மிகவேண்டும் என்பதே அதற்குக் கற்பிக்கப்பட்ட பாடம். நாமோ நிறுத்துவதற்காக இழுக்கிறோம். நாம் 'நில்' என்று கூவுவது அதன் செவியில் 'ஓடு' என்று விழுகிறது. ஓடுகிறது, நாம் மேலும் இழுக்கிறோம். மொழி தெரியாத ஊரில் முதல் ஆண்டு நாம் பட்ட பாடு நினைவுக்கு வந்தது. கடைக்காரர் புரியாமல் விழிக்க, நாம் அதே சொல்லை இன்னும் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தோமே, அதே அறிவீனம்.

ரேஷ்மாவின்மேல் ஏறுவதற்கு முன் மூன்று வாரங்கள் மீண்டும் பகதூரின்மேல் ஏற்றப்பட்டோம், அங்கவடியும் இல்லாமல், வாரும் இல்லாமல். உஸ்தாத் நடுவில் நின்று நீண்ட கயிற்றால் குதிரையை வட்டமாகச் சுற்ற விடுவார். நாம் கைகளை விரித்துக்கொண்டு, பொதிமூட்டைபோலக் குலுங்குவோம். வியன்னாவிலுள்ள புகழ்பெற்ற ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளியிலும் புதிய மாணவரைப் பல மாதங்கள் இப்படிக் கயிற்றில் சுற்ற விட்ட பின்னரே வாரைக் கையில் கொடுப்பார்கள் என்பதைப் பின்னாளில் படித்தோம். அன்று அது தெரிந்திருந்தால் அவமானம் சற்றுக் குறைந்திருக்கும்.

நம் குறைகளை எடுத்துச் சொல்லும் பொறுப்பை உஸ்தாத் மகளிடம் ஒப்படைத்தார். அவள் மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு, நாம் முன்பு அமர்ந்திருந்த அதே பெஞ்சில் அமர்ந்தாள். காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றனவா என்று பக்கவாட்டிலிருந்து பார்க்க வேண்டும். இல்லையேல் கூவ வேண்டும். அவள் ஓயாமல் கூவினாள். "அப்பா, குதிகால் மேல ஏறுது." "அப்பா, தோளைக் காதுகிட்டக் கொண்டு போறீங்க." "அப்பா, கீழ பாக்காதீங்க." இரண்டு வயது முதல் அவளுடைய ழகரத்தையும் றகரத்தையும் நாம் எப்படியெல்லாம் நிறுத்தித் திருத்தியிருக்கிறோம் என்பது நினைவுக்கு வராமலில்லை. திருத்தத் திருத்த அவள் நம்மிடம் தமிழில் பேசுவதையே குறைத்துக்கொண்டு வந்திருந்தாள் என்பதும் நினைவுக்கு வந்தது. பெஞ்சிலிருந்து அவள் கூவியவை எல்லாம் தமிழிலேயே இருந்தன. ஏனென்று நாம் கேட்கவில்லை.

அந்த வாரங்களில்தான் நம் உடலைப் பற்றிய சில செய்திகளை நாமறிந்தோம். தலையாயது முழங்கால். அச்சம் வந்தவுடன் மனித உடல் செய்யும் முதல் வேலை முழங்கால்களால் கவ்விப் பிடிப்பது. அது பாதுகாப்பாகத் தோன்றும். துணி உலர்த்தும் கவ்வியை ஒரு பந்தின்மேல் வைத்து அழுத்தினால் என்ன ஆகும்? மேலே வழுக்கும். அதுபோலவே முழங்கால் இறுகியதும் இருக்கை சேணத்தை விட்டு எழும்பும். கீழ்க்கால் பின்னே செல்லும். உடல் முன்னே கவியும். முன்கவிந்த உடல் பந்தயக் குதிரைக்கு மீண்டும் 'ஓடு' என்னும் குறிப்பே. மேலும், இறுகிய இடுப்பு குதிரையின் அசைவை வாங்கிக்கொள்ளாது. ஒவ்வோரடிக்கும் எழும்பி விழும். எழுபத்தைந்து கிலோ எடை தன் முதுகில் பொத்துப் பொத்தென்று விழுந்தால் எந்த உயிரும் முதுகைக் குழிக்கும். குழிந்த முதுகு இன்னும் குலுக்கும். குலுக்கல் மிக மிக நாம் இன்னும் கவ்வுவோம். யார் முதலில் தொடங்கினார் என்று கண்டறிய முடியாத மாமியார்–மருமகள் வழக்குப் போன்றது இது.

மருந்தைச் சொல்வது எளிது. உட்காருமிடத்து எலும்புகள் இரண்டும் சேணத்தில் சமமாகப் பதிய வேண்டும். தொடை தன் எடையால் தொங்க வேண்டும். எடை முழங்காலில் தங்காமல் குதிகால்வரை வழிய வேண்டும். கையைப் பற்றிய பாடம் மட்டும் நமக்கு நெடுநாள் பிடிபடவில்லை. கையை ஆட்டாதே என்பார் உஸ்தாத்; ஆட்டாமல் வைத்தால், விறைக்காதே என்பார். நடையில் குதிரையின் தலை முன்னும் பின்னும் அசையும். கையும் அதனுடன் செல்ல வேண்டும். டிராட் என்னும் துள்ளுநடையிலோ தலை ஏறத்தாழ அசையாது. நாம் எழுந்தெழுந்து அமர்கிறோம். ஆகவே எழும்போது முழங்கை விரிந்து, அமரும்போது மடிந்தால்தான் கை ஓரிடத்தில் நிற்கும். இதைக் கேட்டு விழித்துக்கொண்டிருந்த ஒருநாள் நமக்குத் திடீரெனத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் நினைவுக்கு வந்தது. ஆண்டுதோறும் அதில் ஊருக்குச் சென்று வருகிறோம். ஓடும் வண்டியில் நிறைந்த காப்பிக் குவளையோடு நடைவழியில் வருபவரைப் பாருங்கள். கையை இறுக்கிக்கொண்டு வருபவர் சட்டையெல்லாம் காப்பி. பழகியவர் தோளையும் முழங்கையையும் தளர விட்டிருப்பார். உடல் ஆடும், குவளை ஆடாது. இருபதாண்டுகளாக நம் கைக்குத் தெரிந்திருந்த வித்தை அது. குதிரையின் வாய்தான் அந்தக் குவளை என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். அன்று உஸ்தாத் முதன்முறையாக ஒன்றும் சொல்லவில்லை.

சனவரியின் பனிமூட்டத்தினிடையே ரேஷ்மாவின்மேல் ஏறினோம். நடை மட்டும், வேறொன்றும் இல்லை. கற்றதெல்லாம் ஐந்து நிமிடத்தில் பறந்தது. அது காதைத் திருப்பினால் நம் முழங்கால் இறுகிற்று. ஈயொன்று வந்தமர்ந்தால் அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து விரட்டக்கூடிய உயிர் அது. அத்தகைய உணர்வுடைய முதுகின்மேல் நாம் அச்சத்தை மறைத்துக்கொண்டு அமர்ந்திருப்பதாக எண்ணியிருந்தோம். பின்னாளில், 2009இல், சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். குதிரையோடு செல்பவரிடம், நான்காம் முறை கடக்கும்போது குடையொன்று திடீரென விரிக்கப்படும் என்று சொல்லி வைத்தனர். குடையை விரிக்கவேயில்லை. ஆயினும் அந்த முறையில் மனிதரின் இதயத் துடிப்பு ஏறிற்று. குடையைப் பற்றி ஒன்றுமறியாத குதிரையின் துடிப்பும் ஏறிற்று. உஸ்தாத் இதைக் கேட்டிருந்தால், இதற்கு ஆய்வு வேறு வேண்டுமா என்றிருப்பார்.

"பாபுஜி, நீங்கள் மூச்சு விடவில்லை" என்றார் அவர், இரண்டாம் நாள். விடுகிறோம் என்றோம். "அப்படியானால் பாடுங்கள். பாடுகிறவன் மூச்சைப் பிடித்து வைக்க முடியாது." நமக்குப் பாட்டு வராது. ஆனால் மயிலாப்பூர்க்காரர் ஒருவர் அண்டை வீட்டில் பிள்ளைகளுக்கு மிருதங்கம் கற்பிப்பதைப் பல்லாண்டுகள் சுவர்வழியே கேட்ட செவி நம்முடையது. வாயில் வந்தது சொற்கட்டு. குதிரையின் நடைக்கு நான்கு அடி, தகதிமி. துள்ளுநடைக்கு இரண்டு, தக, தக. தாவி ஓடும் கேன்டருக்கு மூன்று, தகிட. யாரும் பொருத்தி வைக்காமலே பொருந்தியிருந்தது. நாம் தகதிமியை மெல்லச் சொன்னால் நம் இடுப்பு மெல்ல அசைந்தது. இடுப்பு மெல்ல அசைந்தால் ரேஷ்மாவின் அடி நீண்டது. நிறுத்த வேண்டுமிடத்தில் வாரை இழுப்பதற்கு மாறாக, கடைசித் 'திமி'யோடு மூச்சை முழுவதும் வெளியே விட்டு, இடுப்பின் அசைவை நிறுத்தி, விரல்களை மட்டும் மூடினோம். நின்றதும் விரல்களைத் திறந்தோம். நின்றவுடன் திறப்பதுதான் இதில் உயிர்நிலை. ஒரு நொடி தாழ்த்தால் சொன்ன சொல் பொய்யாகிவிடும். நடத்தல், நிறுத்தல், நடத்தல், நிறுத்தல். ஒருநாளைக்கு நாற்பது முறை. பார்ப்பவர்களுக்கு இதைப்போல் சலிப்பூட்டும் காட்சி வேறில்லை.

பதினோராம் நாள் என்று நினைவு. இருபது மீட்டர் அகலமுள்ள வட்டத்தில் சுற்றிவந்தபோது உட்பக்கத்து வாரை ஓரடி நீளத்துக்கு நெகிழ விடச் சொன்னார் உஸ்தாத். உடல் முழுவதும் 'வேண்டாம்' என்றது. விட்டோம். ரேஷ்மா ஓடவில்லை. கழுத்தை மெல்லக் கீழே நீட்டிற்று, இன்னும் நீட்டிற்று, மூக்கு மணலைத் தொடுமளவுக்கு வந்தது. பின்பு நாசியதிர நீண்டதொரு பெருமூச்சு விட்டது. சேணத்தின்கீழ் அதன் முதுகு எழுந்து நம்மைத் தாங்கிற்று. வால் இருபுறமும் ஊசலாடிற்று. உஸ்தாத் தொப்பியைக் கழற்றிவிட்டு வேறுபக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். பெஞ்சிலிருந்து கூவல் ஒன்றும் வரவில்லை.

இதோடு கதை நேராகச் சென்றது என்று எழுத ஆசைதான். பிப்ரவரியில் ஒருநாள், முந்தைய மாலை அலுவலகத்தில் மேலதிகாரி ஒருவரிடம் எல்லார் முன்னிலையிலும் ஏச்சு வாங்கி, இரவெல்லாம் உறங்காமல், சினத்தைச் சுமந்துகொண்டு களத்துக்குச் சென்றோம். ரேஷ்மா வேலியோரத்தில் ஒருமுறை மருண்டது. அவ்வளவே. நம் கை தானாகவே வாரைச் சுண்டி இழுத்தது. ஒருமுறையன்று, மும்முறை. அதன் வாயோரத்தில் கீறல். அன்று அது நம்மைத் தள்ளவில்லை, தள்ளியிருந்தாலும் தகும். அடுத்த எட்டு நாள் நாம் அருகில் சென்றால் கழுத்தை உயர்த்திற்று. ஒரு மாதத்து உழைப்பு போயிற்று. கி.மு. நான்காம் நூற்றாண்டில் கிரேக்கப் படைத்தலைவர் செனபோன் குதிரையேற்றம் பற்றி எழுதிய நூலிலேயே, சினத்தோடு குதிரையை அணுகலாகாது என்னும் அறிவுரை இருக்கிறது. நாம் அதைப் படித்ததும் பின்னாளில்தான். படித்திருந்தாலும் அன்று பயன்பட்டிருக்குமா என்பது ஐயமே. உஸ்தாத் நம்மை ஏசவில்லை. மறுநாள் சேணத்தை எடுத்துவரப் போன நம்மைத் தடுத்து, ஒரு வாரம் தேய்த்துவிடவும் தீனி வைக்கவும் மட்டும் பணித்தார். அரசு ஊழியர் மொழியில் அது தற்காலிகப் பணிநீக்கம்.

அந்த வாரத்தில் ஒருநாள், லாயத்தில் உட்கார்ந்து கொண்டு, தேசிங்கின் கதையை அவருக்குச் சொன்னோம். பாதுஷாவின் குதிரையை எம் ஊர்க்காரன் வந்து அடக்கினான் என்றோம். அவர் பீடியைப் பற்றவைக்காமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். "அந்தக் குதிரை பிறகு என்ன ஆயிற்று?" போர்க்களத்தில் அவனோடேயே இருந்து மாண்டது என்றோம். "அப்படியானால் அவன் அடக்கியிருக்க மாட்டான், பாபுஜி. அடக்கின குதிரை கதவு திறந்தால் போய்விடும். உங்கள் பாட்டில் எழுதினவருக்குக் குதிரை தெரியாது." அன்னைக்கு இதை எழுதத் துணிவு வரவில்லை.

மார்ச்சின் கடைசி ஞாயிறன்று குழுவினர் வந்து பார்த்தனர். நடை, துள்ளுநடை, இருபக்கமும் வட்டம், நடுவில் நிறுத்தம். கேன்டரில் ஒரே ஒரு சுற்று. வெற்றி என்று சொல்வதற்கில்லை. ஒரு மூலையில் மிரண்டது, இரண்டு இடத்தில் கழுத்தை உயர்த்திற்று. ஆனால் உயர்த்திய கழுத்தைத் தானே தாழ்த்திக்கொண்டது. ஓராண்டு இருக்கட்டும் என்றார்கள். அந்த ஓராண்டு ஒன்பதாண்டுகளாக நீண்டது. பின்னாளில் எத்தனையோ குழந்தைகள் அதன்மேல் முதற்பாடம் கற்றார்கள். 2023இல் ஹாங்சோ ஆசியப் போட்டிகளில் நம் நாட்டவர் நால்வர் டிரெஸ்ஸாஜ் குழுப் போட்டியில் பொற்பதக்கம் வென்றபோது, குதிரையேற்றத்தில் நாற்பத்தோராண்டுகளுக்குப்பின் கிடைத்த அந்தப் பொன்னைக் கொண்டாடப் பெங்களூரிலிருந்து நம்மைத் தொலைபேசியில் அழைத்த மகள், வென்றவர்களைப் பற்றிச் சிறிதும் ரேஷ்மாவைப் பற்றிப் பெரிதும் பேசினாள்.

ஏப்ரல் தொடக்கத்தில், கை நேரான மகள், தாயின் இசைவை எப்படியோ பெற்று, மீண்டும் அதன்மேல் ஏறினாள். நாம் பெஞ்சுக்குத் திரும்பினோம். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. அதே முள்மரத்தில் மயிலொன்று உட்கார்ந்திருந்தது. முதற்சுற்றில் அவள் தோள்கள் காதருகே இருந்தன. கூவலாமென வாயெடுத்து அடக்கிக்கொண்டோம். உஸ்தாத் நம்மைத் திரும்பிப் பார்த்தார். பெஞ்சின் விளிம்பை நாம் இரு கைகளாலும் பற்றியிருந்த பற்றில் விரல்கள் வெளுத்திருந்தன. அவர் ஒன்றும் சொல்லாமல் களத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாம் சுற்றில் அவர்கள் நம் அருகே கடந்து சென்றபோது, குளம்படியோடு இழைந்து, மெல்லிய குரலில், தகதிமி, தகதிமி என்று கேட்டது.